77 என்ற மதிப்பெண்ணின் அடியில் இருக்கும் கேள்விகள்

பன்னாட்டு நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் நாடுகளை ஒப்பிடும் ஒரு வரைபடம் பெரும்பாலும் இடம்பெற்றுவிடுகிறது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான அதிகார ஏற்றத்தாழ்வை ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று காட்டுவதாகச் சொல்லப்படும் அதிகார இடைவெளியில் இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஆஸ்திரியாவுக்கு 11, மலேசியாவுக்கு 104 என்று அதில் இருக்கும். குழுவைவிடத் தன்னை முன்வைக்கும் தனிமனித நோக்கில் அமெரிக்காவுக்கு 91, இந்தியாவுக்கு 48, பாகிஸ்தானுக்கு 14 என்று இன்னொரு வரிசை வரும். துறைமுகத்தையும் மணலியையும் நம்பி நடக்கும் நிறுவனங்களில் வேலைக்குச் சேரும், வடசென்னையில் இருக்கும் எங்கள் தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் சிலர் அந்த வரைபடத்தைக் கைபேசியில் படம் பிடித்து வந்து, "இது நெஜமாக்கா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வீடு வீடாகச் சென்று கேள்வித்தாள் நிரப்பும் கள ஆய்வுப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதிலைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நாடுகளின் பண்பாட்டு விழுமியங்களை அளந்து ஒப்பிடும் முயற்சி மதிக்கத்தக்கது என்றே நான் கருதுகிறேன். "ஜப்பான்காரன் இப்படி, ஜெர்மன்காரன் அப்படி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வதைவிட, ஆயிரக்கணக்கானோரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுப் பதிலை எண்ணிப் பார்ப்பது நேர்மையான வழி. ஆனால் கடைசியில் வந்து நிற்கும் எண்ணை மட்டும் படிப்பவருக்கு அது எதன் அளவு என்று தெரியாது. அதன் அடியில் இருக்கும் கேள்விகளையும், அந்தக் கேள்விகளுக்கு யார், எந்த நிலையில் இருந்துகொண்டு பதில் சொன்னார்கள் என்பதையும் படித்தால், விழுமியம் என்று பெயரிடப்பட்டிருக்கும் பலவற்றில் பாதிக்கு மேல் வாழ்க்கை நிலைமையே கலந்திருப்பது தெரியவரும்.

77 என்ற எண்ணின் பிறப்பிலிருந்து தொடங்குகிறேன். நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட், டெல்ஃப்டில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டுப் பிறகு சமூக உளவியலுக்கு வந்தவர். ஐபிஎம் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவில் பணியாளர் ஆய்வுத் துறையை உருவாக்கினார். 1967 முதல் 1973 வரை அந்த நிறுவனம் உலகெங்கும் இருந்த தன் ஊழியர்களிடம் நடத்திய மனநிலை ஆய்வுகளில் சுமார் 1,16,000 கேள்வித்தாள்கள் சேர்ந்தன. அவற்றை நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே நிறுவனத்தில் ஒரே வேலையைச் செய்பவர்கள் நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் பதில் சொல்லியிருப்பதை அவர் கவனித்தார். நிறுவனம் ஒன்று, வேலை ஒன்று, கல்வியும் ஏறக்குறைய ஒன்று. மிஞ்சுவது நாடுதான் என்பது அவருடைய வாதம். இதன்படி 40 நாடுகளை அதிகார இடைவெளி, தனிமனித நோக்கு, ஆண்மை நோக்கு, நிச்சயமின்மையைத் தவிர்க்கும் நாட்டம் என்னும் நான்கு அளவுகோல்களில் வரிசைப்படுத்தி 1980இல் நூலாக வெளியிட்டார். ஹாங்காங்கில் பணியாற்றிய மைக்கேல் பாண்ட் சீன அறிஞர்களைக் கொண்டு உருவாக்கிய கேள்வித்தாளிலிருந்து நீண்டகால நோக்கு என்ற ஐந்தாவது அளவுகோலும், 2010இல் மைக்கேல் மின்கோவின் பங்களிப்பால் ஆறாவதும் சேர்ந்தன.

எங்கள் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் காலக்கணக்கை. ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. மீண்டும் வந்தது 1990களில்தான். ஆகவே இந்தியாவின் 77, அதற்கும் முன்பு அங்கே வேலை பார்த்த, அன்றைய இந்தியாவில் மிகச் சிறுபான்மையினராக இருந்த ஊழியர்கள் சொன்ன பதில்களிலிருந்து வந்தது. நாடுகள் மாறினாலும் எல்லாம் ஒரே திசையில் சேர்ந்து நகர்வதால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாக மாறாது என்று ஹாஃப்ஸ்டெட் பதிலளித்தார். அதில் ஓரளவு உண்மை உண்டு. இருந்தாலும் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவு ஆதாரம் அவரிடம் இல்லை. பிரெண்டன் மெக்ஸ்வீனி 2002இல் எழுதிய விமர்சனத்தில் பாகிஸ்தானில் முதல் ஆய்வுக்குப் பதிலளித்தவர்கள் 37 பேர், இரண்டாவதற்கு 70 பேர் என்பதை எடுத்துக்காட்டினார். இலட்சத்துக்கு மேற்பட்ட கேள்வித்தாள்கள் என்று கேட்கும்போது தோன்றும் உறுதி, 37 என்று கேட்கும்போது தங்குவதில்லை. எங்கள் பணியில் ஒரு வார்டுக்கே அதைவிடக் கூடுதலான வீடுகளைப் பிடித்தாக வேண்டும்.

மாதிரியின் அளவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கேள்விகள். அதிகார இடைவெளி என்னும் மதிப்பெண் மூன்று கேள்விகளைக் கொண்டு கட்டப்பட்டது. மேலாளரின் கருத்தோடு உடன்படாததை வெளியே சொல்ல ஊழியர்கள் எவ்வளவு அடிக்கடி அஞ்சுகிறார்கள் என்பது முதல் கேள்வி. உங்கள் மேலாளர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது இரண்டாவது. எப்படிப்பட்ட மேலாளரை நீங்கள் விரும்புவீர்கள் என்பது மூன்றாவது. இவற்றின் சராசரிகளையும் விழுக்காடுகளையும் கூட்டிக் கழித்து, எல்லா நாடுகளும் ஏறக்குறைய 0 முதல் 100க்குள் அமையும்படி ஒரு நிலையான எண்ணைச் சேர்த்தார்கள். பின்னால் சேர்ந்த மலேசியா 104க்குப் போனது அதனால்தான். மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வி மட்டுமே விருப்பத்தைப் பற்றியது. முதல் இரண்டும் பதில் சொல்பவர் எந்த மாதிரி இடத்தில் வேலை செய்கிறார் என்பதைத்தான் கேட்கின்றன.

இதே முதல் கேள்வியைச் சற்று மாற்றிய வடிவில் எர்ணாவூரில் ஒரு வீட்டில் கேட்க நேர்ந்தது. ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இருவரும் ஒரே ஆலைக்குப் போகிறவர்கள். அண்ணன் பர்மனென்ட், தம்பி காண்ட்ராக்ட். ஒரே வாசல் வழியாக உள்ளே போனாலும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் கயிறு வேறு நிறம். சூப்பர்வைசர் சொல்வது தவறென்று தெரிந்தாலும் சொல்லத் தயங்குவீர்களா என்ற கேள்விக்கு அண்ணன் "எப்பவாவது" என்ற கட்டத்தைக் காட்டினார். தம்பி "எப்பவுமே" என்ற கட்டத்தில் விரலை வைத்தார். பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்க வேண்டும், ஆனால் அவரே தொடர்ந்தார்: "அண்ணன் பேசுனா சங்கம் வரும்க்கா. நான் பேசுனா நாளைக்கு கேட்டுல என் பேரு இருக்காது." ஒரே தாய் தந்தை, ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே மாதா கோயில். பண்பாடு என்று எதைச் சொன்னாலும் அது இருவருக்கும் பொதுவாக இருந்தது. அந்த இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் இருந்தது வேலை ஒப்பந்தம்.

இந்த மண்ணின் வரலாறும் இதையே சொல்கிறது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று பரவலாக ஏற்கப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் முன்னின்று உழைக்க, பி.பி. வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவராகவும் இருந்தார்கள். வெள்ளைக்கார மேலாளரின் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அன்றே முன்வந்தார்கள். அதே ஆலையில் 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் நீண்டபோது, ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரமும் தீவைப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. அந்த ஆண்டில் அந்த ஆலையின் வாசலில் நின்று ஒருவர் அதிகார இடைவெளியை அளந்திருந்தால் எந்த எண்ணை எழுதியிருப்பார் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. மேலாளரிடம் இருந்த அச்சம் ஒன்று, சேரிக்கு வெளியே நின்ற சக தொழிலாளியிடம் இருந்த அச்சம் இன்னொன்று, கூலி இல்லாமல் மாதக்கணக்கில் கடத்த வேண்டிய அச்சம் வேறொன்று. ஒரு நாட்டுக்கு ஒரு மதிப்பெண் என்ற ஏற்பாட்டில் இவை மூன்றும் ஒரே கட்டத்துக்குள் போய் விழும்.

அச்சத்தையும் விருப்பத்தையும் பிரித்துக் கேட்ட ஆய்வும் இருக்கிறது என்பதை நான் மகிழ்ச்சியோடு சொல்வேன். ராபர்ட் ஹவுஸ் 1990களில் தொடங்கிய குளோப் ஆய்வில் 62 சமூகங்களைச் சேர்ந்த 951 நிறுவனங்களில் சுமார் 17,000 இடைநிலை மேலாளர்கள் பதிலளித்தார்கள். உங்கள் சமூகத்தில் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒருமுறையும், எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு முறையும் அவர்களிடம் கேட்டார்கள். 1 முதல் 7 வரையிலான அளவில், அதிகார இடைவெளியின் இன்றைய நிலைக்கு உலகச் சராசரி 5.17, இருக்க வேண்டிய நிலைக்கு 2.75. அந்த ஆய்வு வைத்திருந்த ஒன்பது அளவுகோல்களில் ஏழில், நடப்பில் எது அதிகமாக இருந்ததோ அதைக் குறைவாக விரும்பும் போக்கு நாடுகளிடையே காணப்பட்டது. ஹாஃப்ஸ்டெட்டுக்கும் குளோப் ஆய்வாளர்களுக்கும் இதன் பொருளைப் பற்றிக் காரசாரமான விவாதம் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் அதிகார இடைவெளி கூடுதலாக இருக்கும் நாட்டு மக்கள் அதை விரும்பி ஏற்றிருக்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் சொல்லப்படும் வாக்கியத்துக்கு இந்த இரண்டு சராசரிகளும் இடம் கொடுக்கவில்லை. எங்கள் எர்ணாவூர்த் தம்பியிடம் "எப்படி இருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால், அண்ணனின் கயிற்று நிறத்தைத்தான் சொல்லியிருப்பார்.

இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டியது தனிமனித நோக்கு என்னும் அளவுகோல். குடும்பத்தோடு சேர்ந்து வாழ்கிறீர்களா, பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறீர்களா, திருமணத்தை யார் முடிவு செய்வார்கள் என்றெல்லாம் கேட்டுத்தான் இந்த எண் கிடைத்திருக்கும் என்று எல்லோரையும் போல நானும் நினைக்கக்கூடும். கேள்வித்தாளில் அப்படி எதுவும் இல்லை. ஒரு நல்ல வேலையில் உங்களுக்கு எவையெல்லாம் முக்கியம் என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். சொந்த வாழ்க்கைக்குப் போதிய நேரம், வேலையைத் தன் விருப்பப்படி செய்யும் சுதந்திரம், சவாலான வேலை ஆகியவற்றுக்குக் கூடுதல் முக்கியத்துவம் கொடுத்தவர்களின் நாடுகள் தனிமனித நோக்கின் பக்கம் சென்றன. பயிற்சி பெறும் வாய்ப்பு, தன் திறமையை முழுமையாகப் பயன்படுத்தும் வாய்ப்பு, நல்ல காற்றோட்டமும் வெளிச்சமும் போதிய இடமும் உள்ள பணியிடம் ஆகியவற்றை முக்கியம் என்றவர்களின் நாடுகள் கூட்டுநோக்கின் பக்கம் சென்றன.

காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று கேட்பது எப்படிக் கூட்டு வாழ்க்கை மீதான பற்றாகும்? இந்தக் கேள்வியைப் படித்த நாளிலிருந்து என்னால் அதை ஒதுக்கிவிட முடியவில்லை. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தகரக் கூரைக்குக் கீழே இயங்கும் லேத் பட்டறைகளுக்குள் நான் போயிருக்கிறேன். மே மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு அங்கே நிற்க முடியாது. ஒரே ஒரு எக்ஸாஸ்ட் விசிறி இருக்கும். அதுவும் எண்ணெய்ப் புகை படிந்து பாதி வேகத்தில் சுற்றும். கூலண்ட் நீர் கையில் பட்டுப் பட்டு விரல் இடுக்குகள் வெளுத்துப்போன ஒருவரிடம் வேலையில் எது முக்கியம் என்று கேட்டால், முதலில் காற்று என்றுதான் சொல்வார். அது அவர் நுரையீரல் சொல்லும் பதில். குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வரி பட்டியலில் கண்ணிலேயே படாது. அவருக்கு நேரம் இல்லாததுதான் தெரியும்.

இதை ஹாஃப்ஸ்டெட் உணராதவர் அல்ல. வளமான நாடுகளில் பயிற்சியும் நல்ல பணியிடமும் இயல்பாகவே கிடைத்துவிடுவதால் அவை முக்கியமாகத் தோன்றுவதில்லை, ஏழை நாடுகளில் அப்படி இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். இந்த மதிப்பெண்ணும் ஒரு நாட்டின் தலா வருமானமும் மிக நெருக்கமாகச் சேர்ந்து நகர்வதையும் அவரே கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய எழுத்தில் இருந்த இந்தக் கவனம் பயிற்சி வகுப்பின் வரைபடத்துக்கு வந்து சேரும்போது காணாமல் போகிறது. அங்கே 48 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கைகோத்து நிற்கும் ஒரு கூட்டுக் குடும்பத்தின் படம் மட்டும் இருக்கிறது.

மதிப்பெண் நாட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல என்பதையும் ஹாஃப்ஸ்டெட் திரும்பத் திரும்ப எச்சரித்தார். இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் புள்ளியியலில் ஒரு பழைய பாடம் உண்டு. டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இல் எழுதிய கட்டுரையில் அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக இருந்த மாநிலங்களில் எழுத்தறியாதவர்கள் குறைவாக இருந்தார்கள். அதை மட்டும் பார்த்தால் வந்தேறியவர்கள் நன்கு படித்தவர்கள் என்று தோன்றும். ஆள்வாரியாகப் பார்த்தபோது வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாமை சற்று அதிகமாக இருந்தது. ஏற்கெனவே கல்வி பரவியிருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறினார்கள் என்பதே விளக்கம். மாநிலத்தின் எண் ஆளைப் பற்றி நேர்மாறான முடிவைத் தந்துவிட்டது.

நாடுகளின் பண்பாட்டு எண்ணுக்கும் இது பொருந்தும் என்பதற்கு வாஸில் தாராஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட தொகுப்பாய்வு முக்கியமானது. 558 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, பண்பாட்டு விழுமியங்களில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 80 விழுக்காடு நாடுகளுக்குள்ளேயே இருப்பதாக அவர்கள் கண்டார்கள். நாட்டுக்கு நாடு இருப்பது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கைச் சிறியது என்று தள்ள மாட்டேன். பல கோடி மக்களின் சராசரியில் தெரியும் வேறுபாடு கவனிக்க வேண்டிய ஒன்றே. ஆனால் வியாசர்பாடியிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வேலைக்குப் போன ஒரு பையனைக் கூட்டங்களில் பேசாமல் இருக்கிறான் என்பதற்காக அவனுடைய நிறுவனத்தில் உட்கார வைத்து, "உங்கள் பண்பாடு அப்படி, நீங்கள்தான் அதை மீறி வர வேண்டும்" என்று அறிவுரை சொல்லி அனுப்பியதை அறிந்தபோது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவன் எங்கள் தெருவில் இளைஞர் மன்றத்தின் செயலாளர். குப்பை வண்டி வராத நாளில் மண்டல அலுவலகத்துக்கே போய் அதிகாரியிடம் நின்று பேசுபவன். கூட்டத்தில் அவனுக்குத் தடையாக இருந்தது ஆங்கிலமும், ஆறு மாத பயிற்சிக் காலம் முடிந்து வேலை உறுதியாகுமா என்ற கவலையும். இவை இரண்டையும் கேட்டறிய ஒரு கேள்வித்தாளும் தேவைப்பட்டிருக்காது.

உலக விழுமிய ஆய்வு என்று அறியப்படும் முயற்சி இதிலிருந்து வேறுபட்டது. ஒரு நிறுவனத்தின் ஊழியர்களோடு நிற்காமல் பொதுமக்களிடம் செல்கிறது. 1981இல் ஐரோப்பிய விழுமிய ஆய்வுடன் தொடங்கி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் இங்கில்ஹார்ட்டின் முனைப்பால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்தது. 1990 வாக்கில் நடந்த இரண்டாவது சுற்றிலிருந்தே இந்தியாவும் இதில் உண்டு. என் போன்ற களப்பணியாளர்கள் படியேறி, செருப்பைக் கழற்றி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கேட்டு எழுதிய பதில்கள் அதில் இருப்பதால் எனக்கு அதன் மேல் தனி அன்பு உண்டு. இங்கில்ஹார்ட்டும் கிறிஸ்டியன் வெல்செலும் அந்தப் பதில்களைக் கொண்டு வரைந்த உலக வரைபடத்தில் ஒரு அச்சு மரபுக்கும் மதச்சார்பற்ற பகுத்தறிவுக்கும் இடையே செல்கிறது. இன்னொன்று பிழைத்திருத்தலுக்கும் தன்னை வெளிப்படுத்துதலுக்கும் இடையே செல்கிறது. சுவீடன் இரண்டிலும் உச்சத்தை ஒட்டி நிற்கும்.

இரண்டாவது அச்சின் கேள்விகளில் ஒன்று மனுவைப் பற்றியது. ஒரு கோரிக்கை மனுவில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா, இனி இடக்கூடுமா, ஒருபோதும் இட மாட்டீர்களா என்று கேட்பார்கள். கையெழுத்திட்டவர் தன்னை வெளிப்படுத்தும் பக்கம் நகர்வார். பொருளாதாரப் பாதுகாப்பையும் உயிர்ப் பாதுகாப்பையும் முதன்மையாகச் சொல்பவர் பிழைத்திருத்தலின் பக்கம் நகர்வார். நாடுகளின் சராசரிகளை வைத்துப் பார்க்கும்போது இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவது உண்மைதான். ஆனால் எண்ணூரில் இவை ஒரே ஆளிடம், ஒரே தாளில் சேர்ந்திருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் கறுத்துப்போன குப்பங்களில் கையெழுத்து வாங்காத வீடு இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் நள்ளிரவில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தார்கள், மறுபடியும் மனு. அனல்மின் நிலையச் சாம்பல், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு, லாரிகள் ஓடும் சாலை என்று எங்கள் பகுதியில் மனு எழுதத் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு நகல் எத்தனை எடுக்க வேண்டும், பெறுகைச் சீட்டை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூச்சு விடுவதற்காகவும் மீன் பிடிப்பதற்காகவும் கையெழுத்திடும் இவர்களைப் பிழைத்திருத்தலின் பக்கம் நிறுத்துவதா, வெளிப்படுத்தலின் பக்கம் நிறுத்துவதா? பாதுகாப்பு கிடைத்த பிறகே மக்கள் குரலெழுப்பத் தொடங்குகிறார்கள் என்ற கோட்பாட்டுக்கு, பாதுகாப்பு இல்லாததாலேயே குரலெழுப்பும் இவர்கள் ஒரு கேள்வியாக நிற்கிறார்கள்.

அதே அச்சில் இருக்கும் இன்னொரு கேள்வி, பெரும்பாலான மனிதர்களை நம்பலாமா, அல்லது பழகுவதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டுமா என்பது. காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு பெண்மணி, ஏலம் முடிந்து திரும்பிய களைப்போடு, என்னிடமே திருப்பிக் கேட்டார்: "யார நம்புறதுன்னு கேக்குறம்மா நீ? கடனுக்கு மீன எடுத்துக்கினு போயி திருப்பித் தர்றவங்களயா, ராத்திரில பொண்ணுக்கு வலி வந்தா ஆட்டோ எடுத்துக்கினு வர்றவங்களயா?" பெரும்பாலான மனிதர்கள் என்றால் யார் என்ற அவருடைய கேள்விதான் ஆய்வாளர்களின் கேள்வியும். யான் டெல்ஹே, கென்னத் நியூட்டன், வெல்செல் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வாக்கியத்தைக் கேட்கும்போது சில நாடுகளில் மக்கள் அறிமுகமில்லாதவர்களை நினைத்துப் பதில் சொல்கிறார்கள், சீனா போன்ற சில நாடுகளில் தெரிந்தவர்களை நினைத்துப் பதில் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். அந்த வட்டத்தின் விரிவைச் சேர்த்துக் கணக்கிட்டபோது நாடுகளின் வரிசை கணிசமாக மாறியது. ஒரு கேள்வி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று கண்டவுடன் ஆய்வைக் கைவிடாமல், புரிதலையே அளந்து திருத்திய இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அந்த வழியில் இன்னும் ஒரு படி மேலே போனது கேரி கிங்கும் அவருடைய சகாக்களும் 2004இல் வெளியிட்ட வேலை. அரசாங்கம் உங்களுக்கு அக்கறையுள்ள விஷயங்களைக் கவனிக்கும்படி செய்வதில் உங்கள் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று சீனாவிலும் மெக்ஸிகோவிலும் கேட்டார்கள். மெக்ஸிகோ மக்கள் 2000இல்தான் நெடுங்காலம் ஆண்ட கட்சியை வாக்களித்து இறக்கியிருந்தார்கள். ஆயினும் தங்கள் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்று சொன்னவர்கள் சீனர்களே. கேள்வியோடு சில குறுங்கதைகளையும் கொடுத்து, அதில் வருபவர்களின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று அதே அளவில் சொல்லச் சொன்னபோதுதான் நிலைமை தெளிந்தது. எல்லாக் கதைகளிலும் பிரச்சினை ஒன்றே: சுத்தமான குடிநீர் இல்லை. ஒரு கதையில் வரும் பெண்ணும் அவருடைய அக்கம்பக்கத்தாரும் தண்ணீர் தருவதாக உறுதியளித்த எதிர்க்கட்சி வேட்பாளரை வெற்றிபெறச் செய்யும் நிலையில் இருக்கிறார்கள். கடைசிக் கதையில் வருபவருக்கு வாக்குரிமையே இல்லை. யாரும் கவலைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு மௌனமாகத் துன்பப்படுகிறார். சீனாவில் பதிலளித்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்களை அந்தக் கடைசி ஆளுக்கும் கீழே வைத்திருந்தார்கள். கதைகளைக் கொண்டு அளவைச் சரிசெய்தபோது இரு நாடுகளின் வரிசை தலைகீழானது.

குடிநீர்க் கதை எங்கள் பகுதிக்கு யாரும் விளக்க வேண்டிய கதை அல்ல. 2019 கோடையில் புழலும் சோழவரமும் பூண்டியும் செம்பரம்பாக்கமும் வற்றிப்போனபோது, இரவு இரண்டு மணிக்கு லாரி வரும் என்று பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றில் கோத்து வரிசையில் வைத்துவிட்டு விழித்திருந்த தெருக்கள் இவை. ஆகவே அந்தக் குறுங்கதைகளை எங்கள் ஊர் நடைமுறைக்கு ஏற்ப எழுதி, கொருக்குப்பேட்டையில் எனக்குப் பழக்கமான சில வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறார். ஒருவருக்குக் கட்சிக்காரர் ஒருவரின் பழக்கம் உண்டு, போன் செய்தால் லாரி வரும். ஒருவர் காலிக் குடங்களோடு சாலை மறியலில் உட்காருகிறார். ஒருவர் தேர்தல் வரட்டும் என்று காத்திருக்கிறார். இவர்களில் யாருடைய சொல் அதிகம் எடுபடும் என்று வரிசைப்படுத்தச் சொன்னேன்.

கிங்கின் முறை வேலை செய்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கதையில் வருபவர்களில் யார் மேலே, யார் கீழே என்பதில் எல்லா நாட்டவரும் பெரும்பாலும் ஒரே வரிசையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவிலேயே அது கலைந்தது. ஒரு மூதாட்டி மறியலை முதலில் வைத்தார். "மனு குடுத்தா பேப்பரு போவும். ரோட்டுல கொடத்த வெச்சா ஆபீசரு வருவாரு" என்றார். எதிர்வீட்டு மருமகள் அதைக் கடைசியில் வைத்தார். மறியலில் உட்கார்ந்ததற்காக அவருடைய கணவர் மீது போட்ட வழக்குக்காக ஆட்டோவை நிறுத்திவிட்டு நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பம் அது. கட்சிக்காரரைத் தெரிந்தவரை அவர் முதலில் வைத்தார். வயதான இன்னொருவர் தேர்தலுக்குக் காத்திருப்பவரை முதலில் வைத்து, ஓட்டுக்கு முந்தைய மாதத்தில் குழாய் போட்ட கதையைச் சொன்னார். இவர்கள் எல்லோரும் தங்கள் அனுபவத்தை வைத்து நிதானமாக யோசித்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். எவருடைய வரிசையையும் தவறு என்று என்னால் குறிக்க முடியாது.

ஆகவே நாங்கள் அடுத்துச் செய்யவிருக்கும் ஆய்வின் முன்னோட்டத்தில், சொல்லின் மதிப்பைக் கேட்பதற்கு முன்னால் இந்த வரிசையைக் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத நான்கு பேர், அவர்களை மேலும் கீழும் நகர்த்தி வைக்க நான்கு அட்டைகள், ஏன் அப்படி வைத்தார் என்பதை எழுத இரண்டு வரி இடம், பதில் சொல்பவர் வேலையில் நிரந்தரமா ஒப்பந்தமா என்பதற்கு ஒரு கட்டம். பிற ஊர்களிலும் இதையே கேட்டு வாங்கிய பிறகு, எந்தெந்த ஊர்களின் மதிப்பெண்களை ஒரே கோட்டில் நிறுத்தலாம், எவற்றை நிறுத்தக் கூடாது என்பதை அந்த அட்டைகளிலிருந்தே முடிவு செய்யலாம்.